வன்கல்லும் வன்னெஞ்சும்

சொல்லின் பொருளைப் பிழைபட உணர்தல் உலகியலிற் சிறு குற்றமாய்க் கழியினும், மெய்ந்நூற் பொருளிற் பெருங் குற்றமாய் முடியும். ஒரு சொல் செம்பொருளில் நின்றதோ, ஒப்புமைபற்றிப் பிறிதொரு பொருண்மேற் சென்றதோ என்று தெளியாது கொள்வார், கொள்கையையே மாறுபடக் கொண்டொழிவர். இதற்கு எடுத்துக்காட்டாகக் கல்லுக்கு அடையாய் வரும் 'வன்' என்னும் ஒரு சிறு சொல்லை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு யாம் புகுந்த காரணத்தை முதற்கண் கூறுதல் முறையாம். அண்மையில் அன்பர் கூட்டம் ஒன்றிற் சத்திநிபாதத்தைப் பற்றிப் பேசிய ஒருவர், "சிலர் நெஞ்சு வன்கல், கல்லின்மேற் பெய்த மழை உட்புகாதவாறு போல அவர்பால் அருள் புகாது, கல்லுக்கு வன்மை இயற்கை, இயற்கையை மாற்றுவார் யார்?" என்று முடித்தனர். கேட்டிருந்தாருட் பலர் அதனை நயமெனக் கொண்டு மகிழ்ந்தனர். மாணாக்கர் ஒருவர் மட்டும் பின்னர் எம்மை அணுகி, "ஐயா! வன்மை நெஞ்சிற்கு இயற்கையாயின், அத்தகையார்க்கு வீடுபேறு எஞ்ஞான்றும் இல்லையாய் முடியும். இயற்கையன்று, வெறும் உவமையே எனின், உள்ளத்தைக் கட்டும் மலம் என ஒன்று உண்டென்பதும் வெறும் உவமையாய் ஒழியும். இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது?" என்று வினவினர். வினா சிறியதன்று. இரண்டும் கொள்ளற்பாலனவல்ல என்பதும், அதனை அச்சொல்லின் வழக்கே காட்டும் என்பதும் எம் கருத்தாம்.

சொல்லும் செம்பொருளும்

'வன்' என்பது தனித்து நின்று பொருள் பயக்கும் பெயரன்று. 'வன்மை' என்னும் பண்புப்பெயர் தன் ஈற்று 'மை' கெட்டு, வருமொழிக்கு அடையாய் நின்ற நிலையே அது. நன்னூலார் பண்பின் பகாநிலைப் பதங்களை எண்ணுமிடத்து மென்மையை எடுத்தோதி, வன்மையை அவற்றின் மறுதலையாவனவற்றுள் அடக்கினார். வல்வினை, வல்லிருள் எனச் சில இடங்களில் 'வல்' என்னும் வடிவாயும், வன்கல், வன்பாறை, வன்னிலம், வன்சிறை, வன்சொல், வன்னெஞ்சு எனப் பல இடங்களில் 'வன்' என்னும் வடிவாயும் இது வரும். வன் என்பதும் தொண்டர் என்பதும் புணர்ந்துழி வன்றொண்டர் என்றாகும். இத்திருப்பெயரைப் பின்னர் ஆராய்வாம்.

வன்மையின் செம்பொருள் ஊற்றுணர்வால் அறியப்படுவது. கையால் அழுத்தியவழி இடங்கொடாமையும், கருவியாற் கீறியவழி எளிதிற் பிளவுபடாமையும் ஆகிய பண்பே வன்மை எனப்படும். கற்கள் யாவும் ஒரே அளவில் வன்மையுடையனவல்ல. கற்சட்டி கடையப் பயன்படும் மாக்கல் நகத்தாற் கீறவும் இடங்கொடுக்கும். கோயிற்றிருப்பணிக்குக் கொள்ளும் கருங்கல்லோ எஃகுளிக்கும் எளிதில் இளகாது. செருமானிய அறிஞராகிய மோசு என்பார் 1812-ஆம் ஆண்டிற் கனிப்பொருள்களின் வன்மையைப் பத்துப் படிகளாக வகுத்தனர். எது எதனைக் கீறவல்லது என்பதே அவர் கொண்ட அளவை. அவ்வளவையின்படி மாக்கல்லிற் பெரும்பான்மையாயுள்ள பொருள் முதற்படியினும், கருங்கல்லிற் கலந்துள்ள குவார்ட்சு என்னும் பொருள் ஏழாம் படியினும், வைரம் பத்தாம் படியினும் வைக்கப்படும். ஆகவே வன்மை மிக்க கல், வன்மை குறைந்த கல் என்னும் வேறுபாடு உண்டேயன்றி, தனக்குரிய வன்மை சிறிதும் இல்லாத கல் என்பதொன்று இல்லை. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

பொருள் பெயர்ந்து சென்ற நெறி

கல்லிற் கண்ட பண்பைக் குறித்த சொல் பிறவற்றின்மேற் சென்றது எவ்வாறு? முதலாவதாக, அது நிலத்தின்மேற் சென்றது. உழுபடை புகாத பாறைப்பாங்கான இடம் வன்பால் எனப்பட்டது. திருவள்ளுவர் அன்பில்லாத வாழ்க்கையைச் சொல்லுமிடத்து இவ்வன்பாலினையும், அதன்கண் நின்ற பட்டமரத்தையும் உவமையாக எடுத்தாண்டமை கற்றோர் அறிவர். ஈண்டும் செம்பொருள் பெரிதும் மாறிற்றில்லை, நிலமும் தொட்டறியப்படுவதேயாகலின்.

இரண்டாவதாக, ஓசையின்மேற் சென்றது. க ச ட த ப ற என்னும் ஆறனையும் வல்லெழுத்து என்றனர் இலக்கண நூலார். ஓசை கையால் தொடப்படுவதன்று; ஆயினும் செவிக்கண் உறும்பொழுது கல்லின் ஊறு போன்றதோர் உணர்வு தோன்றுதலின் அப்பெயர் பெற்றது. மூன்றாவதாக, சொல்லின்மேலும், கண்ணின்மேலும், நெஞ்சின்மேலும் சென்றது. வன்சொல், வன்கண், வன்னெஞ்சு என்பன காண்க. ஈண்டு ஊற்றுணர்வு அறவே நீங்கிற்று. நெஞ்சைத் தொட்டு, இது வலிது, இது மெலிது என்று அறிந்தார் ஒருவரும் இலர்.

அங்ஙனமாயின் ஒப்புமை எதன்கண்? தொல்காப்பியனார் உவமையை வினை, பயன், மெய், உரு என்னும் நான்குபற்றி வகுத்தனர். கல்லுக்கும் நெஞ்சுக்கும் உருவொப்பும் மெய்யொப்பும் இல்லை. உள்ளன வினையொப்பும் பயனொப்புமே. கல் நீரை ஏலாது. அந்நெஞ்சு பிறர் துயரை ஏலாது. கல் நெகிழாது, அதுவும் நெகிழாது. கல்லின்மேல் இட்ட வித்து முளையாது. அந்நெஞ்சின்கண் இட்ட அறவுரையும் முளையாது. இதுபற்றியே நம் பெரியோர் அன்புடைய உள்ளத்தைச் சொல்லவந்தவழியெல்லாம் ஈரம், நெகிழ்ச்சி, கசிவு, குழைவு, உருக்கம் எனக் கல்லின் செயற்கு மறுதலையாகிய சொற்களையே ஆண்டனர். இவையும் நீர்க்கும் மெழுகிற்கும் உரிய சொற்கள் உள்ளத்தின்மேற் சென்றனவேயாம்.

இவ்விடத்து ஒன்று தெளியற்பாலது. வினையும் பயனும்பற்றி வந்த உவமையை மெய்பற்றி வந்ததாகக் கொண்டு, கல்லின் இயல்பு முழுவதையும் நெஞ்சிற்கு ஏற்றுதல் உவமை இலக்கணத்தொடு மாறுபடும். முன்னர்க் கூறிய அன்பர் வழுவியது இவ்விடத்தேயாம்.

பழிப்பும் புகழும்

இனி, 'வன்' என்னும் அடை பெயர்ந்து சென்றவழி எஞ்ஞான்றும் பழிப்புப் பொருளே தருமோ எனின், அன்று. வன்சொல் என்பது இன்சொற்கு மறுதலையாய்ப் பழிக்கப்படும். அவ்விரு சொற்களையே முன்பின்னாக மாற்றிச் சொல்வன்மை என்றவழியோ, அமைச்சர்க்கு இன்றியமையாத சிறப்பாய், திருக்குறளில் ஓர் அதிகாரத்திற்கே பெயராயிற்று. ஈகை அதிகாரத்தில், ஈயாது வைத்து இழப்பாரை வன்கணவர் என்று இகழ்ந்த ஆசிரியர், தூது அதிகாரத்தில், தனக்கு ஏதம் வருமென்று அஞ்சி வாய்சோராத தூதனை வன்கணவன் என்று சிறப்பித்தனர். ஒரே ஆசிரியர், ஒரே சொல். ஓரிடத்துக் கொடுமை, ஓரிடத்து உறுதி.

இவ்வேறுபாட்டிற்கு வித்து, கல்லின்கண்ணேயே உள்ளது. உளியை எளிதில் ஏலாத அவ்வன்மையே, ஏற்றபின் எழுத்தையும் உருவையும் அழியாது காப்பது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் குடைவித்த கோயில் ஏழாம் நூற்றாண்டினின்று இன்றும் நிலைபெற்றிருப்பதும், தஞ்சை இராசராசேச்சரத்தில் முதல் இராசராசன் தானும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுவித்தமையால் அவை இன்றும் படிக்கப்படுவதும் இவ்வன்மையின் பயனேயன்றோ? மாக்கல்லில் வெட்டியிருப்பின் அவ்வெழுத்துக்களுட் பல தேய்ந்தொழிந்திருக்கும். எனவே வன்மை தன்னளவிற் குற்றமுமன்று, குணமுமன்று. எதற்கு இடங்கொடாது நிற்கின்றது என்பதுபற்றியே குற்றமாதலும் குணமாதலும் உளவாம். அருட்கு இடங்கொடாத வன்மை குற்றம். அருளை ஏற்றபின் பிறிதொன்றற்கு இடங்கொடாத வன்மை குணம்.

அடையின் இருவகை

இனி இலக்கணவழியே மேலும் ஒருபடி செல்வாம். அடைமொழி இருவகைத்து. ஒன்று, பிறிதினின்றும் பிரித்தற்கு வருவது. செந்தாமரை என்பது வெண்டாமரையினின்றும் பிரித்தல் போல. மற்றொன்று, பிரிக்கப்படுவதோர் இனமின்றித் தன்கண் உள்ள இயல்பையே விளக்கி வருவது. செஞ்ஞாயிறு என்பது போல. முன்னையதைப் பிறிதினியைபு நீக்கியது என்றும், பின்னையதைத் தன்னோடியைபின்மை நீக்கியது என்றும் உரையாசிரியர் கூறுவர். இனமில்லாத பண்படை வழக்கின்கண் வாராது, செய்யுளின்கண் வரும் என்பது தொல்காப்பியனார் துணிபு.

வன்கல் என்பது எவ்வகைத்து? மாக்கல்லொடு வைத்து எண்ணுங்கால், வன்மை மிக்கது என்னும் பொருட்டாய்ப் பிறிதினியைபு நீக்கும். அவ்வாறன்றிப் பொதுவிற் கல்லின் இயல்பு சொல்ல வந்தவழி, வன்மையில்லாத கல் இன்மையின், செஞ்ஞாயிறு போலத் தன்னோடியைபின்மை நீக்கி நிற்கும். வன்னெஞ்சு என்பதோ எவ்விடத்தும் பிறிதினியைபு நீக்கியதேயாம். மென்னெஞ்சும் உலகத்து உண்டாகலானும், ஒருவர் நெஞ்சே ஒருகால் வலிதாய் ஒருகால் நெகிழக் காண்டலானும் என்க. நெஞ்சு என்ற அளவானே வன்மை உடன் போதருமாயின், வன்னெஞ்சு என்று அடைகொடுத்துப் பழித்தற்கு இடமே இல்லை. பழித்தலானே, அது நெஞ்சின் இயற்கையன்று என்பதைப் பழிப்பாரும் உடன்பட்டாராவர். ஞாயிற்றைச் செம்மையுடைமைபற்றி ஒருவரும் பழியார்.

மெய்ந்நூல் முடிபு

இவ்விலக்கண முடிபு சித்தாந்த முடிபொடு பொருந்துமாறு காண்பாம். கல்லின்கண் வன்மை குணம், கல் குணி. குணமும் குணியும் தாதான்மியமாய்ப் பிரிவின்றி நிற்பன. உயிரின்கண் தோன்றும் வன்மையோ உயிரின் குணமன்று. அதனை அனாதியே மறைத்து நிற்கும் ஆணவமலத்தின் காரியம். சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், அறியாமை உயிரின் குணமாயின் உயிர் சடமாய் முடியும் என்று மறுத்து, குருடு விழிக்குக் குணமாகாது குற்றமேயாதலை எடுத்துக்காட்டினார் அருணந்தி சிவாசாரியார். வன்மைக்கும் அதுவே கொள்க.

ஈண்டு ஓர் ஐயம் எழும். மலம் செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் போல உயிரொடு உடனாய சகசமலம் அன்றோ? அங்ஙனமாயின் அதன் காரியமாகிய வன்மையும் இயற்கையே ஆகாதோ? எனின், ஆகாது. சகசம் என்பது தோற்றமில் காலமாக உடனிருத்தலைக் குறிக்குமேயன்றி, ஒன்றே மற்றொன்றாதலைக் குறியாது. களிம்பு செம்போடு உடனிருந்தும் செம்பின் குணமன்று. உமி அரிசியைப் பொதிந்திருந்தும் அரிசியன்று. கற்களுள்ளேயே உயிர்க்கு நம் ஆசிரியர் தேர்ந்தெடுத்த உவமை யாது என்று நோக்குவார்க்கு இவ்வையம் நீங்கும். அவர் எடுத்தது படிகம். படிகமும் கல்லே, வன்மையும் உடையதே. ஆயினும் அவர் அதன் வன்மையைக் கருதிற்றிலர். சார்ந்த பொருளின் வண்ணத்தைத் தான் காட்டி நிற்கும் தன்மையையே கருதினர். இருளைச் சார்ந்து இருளாயும், ஒளியைச் சார்ந்து ஒளியாயும் நிற்றலே உயிரின் தன்மை என்பது அதனாற் போந்த பொருள்.

இன்னும் ஒன்று. கருங்கல்லும் நிலத்தின் ஆழத்தே அழற்குழம்பாயிருந்து, நெடுங்காலம் குளிர்ந்து இறுகியது என்று நிலநூல் வல்லார் கூறுவர். அங்ஙனமாயிற் கல்லின் வன்மையும் செயற்கையேயன்றோ எனின், நன்று வினாயினாய். உருகிய நிலையில் அதனைக் கல் என்பார் இலர், குழம்பு என்பர். கல்லாய் நிற்குமளவும் வன்மை நீங்காது. வன்மை நீங்கியவழிக் கல்லாந்தன்மையும் நீங்கும். உயிரோ, வன்மை நீங்கியபின்னும் உயிரேயாம். ஒருசிறிதும் குறைவின்றித் தன் அறிவு விளங்கப்பெற்று நிற்கும். எது நீங்கியவழிப் பொருள் கெடுமோ அது குணம். எது நீங்கியவழிப் பொருள் விளங்குமோ அது குற்றம். வன்கல்லையும் வன்னெஞ்சையும் வேறுபடுத்தும் உரைகல் இதுவேயாம்.

இனி, வன்மை நெஞ்சின்மேல் உவமையாய் வந்ததே எனின், மலமும் உவமையளவாய் ஒழியுமோ என்னும் மற்றைப் பகுதிக்கு விடை கூறுவாம். ஒழியாது. பெயர்ந்து சென்றது சொல்லேயன்றிப் பொருளன்று. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஆணவத்தை இருள் என்னும் பெயரால் வழங்கினர். கட்புலனாகும் புறவிருளின் பெயர் அகத்திருளுக்கு ஒப்புமைபற்றி வந்தது. அதுபற்றி அகத்திருள் பொய்ப்பொருளாயிற்றில்லை. புறவிருள் தன்னையேனும் காட்டும், இஃது அதுவும் செய்யாது என்று அதன் கொடுமையே மிகுத்துரைக்கப்பட்டது. அதுபோல, நெஞ்சின் வன்மைக்குக் கல்லின் பெயர் இரவலாயினும், அவ்வன்மை மெய்ப்பொருளே. நோயுற்றான் ஒருவனது வேதனையை, 'எரிகின்றது' என்று தீயின் சொல்லாற் கூறினால், தீயில்லை என்பதுபற்றி வேதனையும் இல்லை என்று மருத்துவன் போவானோ?

அடியார் வரலாற்றிற் காணும் சான்று

முற்கூறியவற்றிற்குப் பெரியபுராணம் தக்க சான்று தரும். நம்பியாரூரர் புத்தூரில் மணக்கோலத்தோடு இருந்தபொழுது, முதிய அந்தணராய் வந்து வழக்கிட்ட இறைவனைப் பித்தன் என இகழ்ந்தும், அவர் கை ஓலையைப் பறித்துக் கிழித்தும் வன்மை செய்தனர். திருவெண்ணெய்நல்லூரில் உண்மை வெளிப்பட்டபின், இறைவன் அவ்வன்மொழியைப் பொறுத்தருளியதோடு அமையாது, அதனையே பெயராக்கி வன்றொண்டன் என்று அழைத்தருளினன் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றனர். ஈண்டு 'வன்' என்னும் அடையை நோக்குக. அடை நீக்கப்படவில்லை, அது சார்ந்த பெயரே மாறிற்று. வன்சொல்லின்கண் நின்ற அடை தொண்டின்கண் நின்றது. இறைவனை மறுத்த வாயே இறைவனைப் பாடிற்று. இகழ்ந்த அச்சொல்லே பாட்டின் முதலாயிற்று. பசுகரணங்கள் அழிக்கப்படாது சிவகரணங்களாக மாறும் என்னும் முடிபினை இதனினும் தெளிய விளக்குவதோர் எடுத்துக்காட்டு யாம் அறிந்திலம்.

சாக்கிய நாயனார் வரலாறோ மறுதலையான நெறியில் அதனையே வலியுறுத்தும். அவர் நாள்தோறும் சிவலிங்கத்தின்மேற் கல்லெறிந்தனர். எறிந்தது வன்கல்; செயலும் கண்டார்க்கு வன்செயல். உள்ளமோ அன்பால் நெகிழ்ந்தது. ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்தவழிப் பசியையும் மறந்து விரைந்தோடிக் கல்லெறிந்தனர். அதனை இறைவன் பூவென ஏற்றருளினன். கல்லின் வன்மை கையளவில் நின்றது, நெஞ்சளவிற் செல்லவில்லை. செம்பொருள் வன்மையும் பெயர்ந்து சென்ற வன்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மணிவாசகப் பெருமானும் திருவம்மானையில், கல்லாகிய தம்மை இறைவன் பிசைந்து கனியாக்கிய வியப்பினைப் பாடுகின்றனர். கல்லைக் கனியாக்குதல் உலகத்து நிகழாது. உயிர் செம்பொருளிற் கல்லாயிருப்பின் ஆண்டும் நிகழாது. நிகழ்ந்தது என்று அடிகள் தம் அனுபவத்தாற் கூறுதலின், அங்குக் கல் எனப்பட்டது உயிரன்று, உயிரைச் சார்ந்த வன்மையே என்பது பெறப்படும். அத்திருப்பாட்டிலேயே இறைவனை வல்லாளன் என்னும் பெயராற் குறித்தமையும் நோக்கற்பாலது. உயிரின் வன்மையை வெல்வது அவன் வன்மையே.

முடிவுரை

சத்திநிபாதத்தின் நால்வகையை விளக்கும் பெரியோர், வாழைத்தண்டு, பச்சை விறகு, உலர்ந்த விறகு முதலியவற்றில் தீப் பற்றுமாற்றை உவமை கூறுவர். மிகத் தாழ்ந்த படிக்கும் அவர் எடுத்தது வாழைத்தண்டேயன்றிக் கல்லன்று. வாழைத்தண்டு நெடும்பொழுது ஈரம் கான்று புகையும். ஆயினும் காலம் வந்துழிப் பற்றும். பற்றவே பற்றாதது என்று ஓர் உயிரையேனும் அவர் ஒதுக்கிற்றிலர். காலம் நீட்டித்தல் மலபரிபாகத்தின் வேறுபாட்டால் ஆவது. அருளின் குறையாலோ உயிரின் இயற்கையாலோ ஆவதன்று.

ஆகவே அம்மாணாக்கர்க்கு யாம் கூறிய விடை இது: நெஞ்சின் வன்மை என்னும் சொல் உவமையால் வந்தது, அச்சொல்லாற் குறிக்கப்பட்ட பொருள் மெய்யாய் உள்ளது, உள்ளதாயினும் அது நெஞ்சின் குணமன்று, நீங்கற்பாலதாகிய குற்றம். இம்மூன்றனுள் ஒன்றை விடுத்தாலும் கொள்கை வழுவும். முதலாவதை விடுத்தார், உயிரைக் கல்லாக்கி வீடின்று என்பர். இரண்டாவதை விடுத்தார், மலமின்று என்பர். மூன்றாவதை விடுத்தார், நோயையே நோயாளி என்று கொண்டு கைவிடுவர்.

கைவிடுதலே இவற்றுட் கொடிது. பாடஞ் சொல்லும் ஆசிரியரும், அவையிற் பேசும் அறிஞரும், மடங்களில் மாணாக்கரை ஏற்றுப் பயிற்றும் பெரியோரும், மந்தமாயும் முரணாயும் நிற்கும் ஒருவனை நோக்கி 'இவன் நெஞ்சு கல்' என்று சொல்ல நேர்ந்துழி, அச்சொல் செம்பொருளில் நில்லாமையை ஒருகணம் நினைப்பாராக. நினைப்பின், அவனை விடுதற்குக் காரணமாகத் தோன்றிய அச்சொல்லே, அவன்பால் இன்னும் சிலநாள் பொறுத்து நிற்றற்குக் காரணமாகத் தோன்றும். வன்றொண்டர் திருமரபில் வந்த நமக்கு, வன்மையைக் கண்டு வெறுத்தல் முறையன்று. அது தொண்டின்மேற் செல்லுங்காலத்தை எதிர்நோக்கி நிற்றலே முறையாம்.

திருச்சிற்றம்பலம்.